ரோக்ஸான் ஊசி பிடித்த வாரம்

வடக்கு மினசோட்டாக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காபி வேண்டுமா என்றால் மூன்று தடவை வேண்டாம் என்பார்கள். நாலாவது தடவை கேட்க ஆளில்லை என்றால் காய்ந்த தொண்டையோடு வீடு போய்ச் சேர்வார்கள். ரோக்ஸான் லாத்தி அந்தப் பழக்கத்தில் ஊறியவள். வேலை பார்த்த காகித ஆலையை இழுத்து மூடிய பிறகு, நாற்பத்தாறு வயதில், உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் படிப்பில் சேர்ந்தாள்.

அந்தப் படிப்புக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஆள் எடுப்பார்கள். பன்னிரண்டு பேர் ஒன்றாக உள்ளே போய் ஒன்றாக வெளியே வரவேண்டும். ஒரு பாடத்தில் தவறினாலும் அடுத்த வருஷம் முன்பின் தெரியாத வேறு கூட்டத்தோடு உட்கார வேண்டும். இந்தப் பன்னிரண்டு பேரும் யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்று முதல் வாரமே பேசி வைத்திருந்தார்கள். பனியில் ஒருவர் வண்டி கிளம்பாவிட்டால் இன்னொருவர் போய் ஏற்றிவருவார். வேதியியலில் தத்தளித்த ரோக்ஸானைக் கரை சேர்த்தது ஹோதன் என்ற சோமாலியப் பெண். ரோக்ஸானை அவள் தன் பாஷையில் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

ரோக்ஸான் தன் பங்காகக் கையைக் கொடுத்தாள். அந்த வகுப்பில் ஒருவர் கையில் இன்னொருவர் ஊசி குத்தித்தான் பழகவேண்டும். அவளுக்கோ நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கும். பயந்தவர்கள் எல்லாரும் அவளிடம் வந்தார்கள். "பரவால்ல, குத்து. எனக்கு வலிக்கல" என்பாள். தன் முறை வந்தால், "நீ முதல்ல போ, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்று, குத்திப் பழக வைத்திருக்கும் ரப்பர் கை பொம்மையோடு ஒதுங்கிவிடுவாள். மற்ற பதினோரு பேருக்கும் கை பழகிவிட்டது. நல்லவள் என்று பேர் வாங்கிக்கொண்டே இவள் மட்டும் கோட்டைவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை ஆசிரியை பெவ் அவளை நிறுத்தினார். "வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு. மூணு பேருக்கு ரத்தம் எடுக்கணும். நீ இதுவரைக்கும் ஒரு ஆளுக்காவது எடுத்திருக்கியா?"

இல்லை. அன்றைக்கே ஹோதன் கையில் முயன்றாள். ஹோதனுக்கு நரம்பு தேடினாலும் கிடைக்காது. ஊசி வழுக்கியது, தோல் கன்றிப்போனது. ரோக்ஸான் ஊசித் தட்டைக் கீழே வைத்தாள்.

"போதும்மா. உன்னைப் புண்ணாக்கி நான் பாஸாக வேணாம். அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

ஹோதனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் சித்தி, நாங்க குத்துனப்ப உங்களுக்கு வலிக்கவே இல்லையா?"

"வலிச்சுது."

"பொய் சொல்லிச் சொல்லி எங்களை முன்னாடி அனுப்பிட்டீங்க. இப்ப எங்க கைய வேணாங்கறீங்க. இதுக்குப் பேரு நல்ல மனசு இல்ல, திமிரு. நீங்க மட்டும்தான் குடுப்பீங்களா? வாங்கிக்க மாட்டீங்களா?"

ரோக்ஸானுக்குக் காது சுட்டது. அவளை இப்படி யாரும் கேட்டதில்லை. கேட்டது சரி என்பதுதான் அதிகமாக உறைத்தது. பின் மேஜையில் ஒருவன் சட்டைக் கையை மடித்துவிட்டான். அடுத்தவளும் மடித்தாள். பெவ் மாலையில் ஆய்வகத்தைப் பூட்டாமல் இருந்துகொண்டார். செவ்வாயும் புதனும் ரோக்ஸான் குத்திக்கொண்டே இருந்தாள். முதலில் தவறியது, பிறகு கிடைத்தது, பிறகு தொடர்ந்து கிடைத்தது. ஊசி எந்தச் சாய்வில் போனால் சுருக்கென்று இழுக்கும் என்று, அத்தனை குத்து வாங்கிய அவள் கைக்கு ஏற்கெனவே தெரியும். பயம்தான் போகவேண்டியிருந்தது, அதுவும் போனது.

வியாழக்கிழமை பெவ் சொன்னார்: "யார்கிட்ட எடுக்கறேன்னு நீயே சொல்லலாம். சுலபமான கையா பாத்துக்கோ."

"ஹோதன்" என்றாள் ரோக்ஸான்.

நரம்பு புடைக்க, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள். அவசரப்படாமல் விரலால் தடவிப் பார்த்தாள். ஹோதன் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"இன்னும் குத்தலையா சித்தி?"

"குழாய் பாதி ரொம்பிடுச்சு, கண்ணைத் தொற."

பஞ்சை வைத்து அழுத்திவிட்டு ரோக்ஸான் நிமிர்ந்தாள். மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ரெண்டு பேர் வேணும் எனக்கு" என்றாள். "வந்து உக்காருங்க."