வாசலில் நின்ற ராவுத்தர்

ஜமால் பாய் காலமான செய்தி வந்தபோது என் கையில் மஞ்சள் காப்பு இருந்தது. தீமிதி அந்த வாரம்தான். அவருடைய மகன் நிஜாம் போனில் பேசினான். “மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. இன்னிக்கு அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்.” காப்புக் கட்டியவன் துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் அந்த வருடம் பூக்குழியில் இறங்க முடியாது. அது அவனுக்கும் தெரியும். “நீங்க வர முடியாதுன்னு தெரியும் மாமா. ஆனா சொல்லணும்ல,” என்று வைத்துவிட்டான்.

சிங்கப்பூர் தேக்காவில் பயணப் பெட்டி விற்ற ஜமால் ராவுத்தரை உங்களில் பலர் அறிவீர்கள். ஊருக்குப் போகும் தொழிலாளிக்குப் பெட்டியை விற்றதோடு விடமாட்டார். சாமானை அடைத்து, அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக் கொடுப்பார். நான் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். பெட்டி வாங்கப் போன இடத்தில் ஆரம்பித்த பழக்கம், மச்சான் என்று அவர் கூப்பிடும் அளவுக்கு வளர்ந்தது.

எங்கள் சைனாடவுன் அம்மன் கோயிலின் கதையை ஒருநாள் அவரிடம் சொன்னேன். திரௌபதை அம்மனுக்கு முத்தால ராவுத்தர் என்று ஒரு முஸ்லிம் வீரர் காவல். குதிரையேறிச் சண்டைக்கு வந்தவர், அவள் மகிமையைக் கண்டு அங்கேயே காவலுக்கு நின்றுவிட்டாராம். ஊருக்கு ஊர் கதை மாறும். அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுக் கோயிலை எழுப்பிய அந்தக் காலத்து ஆட்கள், அம்மனோடு இந்தக் கதையையும் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். “அவருக்குச் சுருட்டும் சாராயமும் படைப்பாங்களாமே? இந்த ராவுத்தருக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் டீ போதும்லா.”

சிரித்தவர் அதை விடவில்லை. அந்த வருடத் தீமிதிக்கு, சிராங்கூன் ரோட்டில் ஊர்வலம் கிளம்பும் இடத்துக்கே வந்து நின்றார். என் செருப்பையும் போனையும் வாங்கிக் கடைப் பை ஒன்றில் போட்டுக்கொண்டார். “நீ நடந்து வா மச்சான். நான் எம்ஆர்டி ரயில்ல வந்துடறேன்.” நான் வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலுக்கு வெளியே பையோடு நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். “ராவுத்தர் வாசல்லதான் நிக்கணும். கதைய மாத்தாத.” அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான்.

மிதித்து வெளியே வந்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “சுட்டுச்சா?” விரதம் சரியாக இருந்தால் சுடாது என்பார்கள். அதனால் மற்றவர்களிடம் இல்லை என்றே சொல்வேன். அவரிடம் மட்டும், “லேசா.” “சரி, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்று செருப்பை எடுத்துப் போடுவார். என் மனைவி இறந்து, வருடம் கழிந்து, மறுபடி மிதித்தபோதும் அதையே கேட்டார். “ரொம்ப பாய்,” என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சாவுச் செய்தி வந்த அன்று, என்னோடு விரதமிருந்த நண்பர் தடுத்தார். “அண்ணே, அடக்கம் முடியட்டும். தீமிதிக்கு அப்புறம் போய்ப் பிள்ளைங்களப் பாத்துக்கலாம்லா.” அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் பாயின் முகத்தை அதற்குப் பிறகு பார்க்க முடியாது. கோயிலுக்குப் போய்க் காப்புக் கையை நீட்டினேன். பூசாரி காரணம் கேட்டார். சொன்னேன். காப்பை அவிழ்த்துவிட்டார்.

முகத்தைப் பார்த்தேன். பள்ளிவாசலில் தொழுகை நடந்தபோது வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே வந்து உட்காரும்படி ஒருவர் கூப்பிட்டார். “வாசல்லயே நிக்கிறேன்,” என்றேன். எல்லாம் முடிந்து புறப்படும்போது நிஜாம் ஒரு கடைப் பையைக் கொடுத்தான். இந்த வருடத்துக்காக அவன் அத்தா எடுத்து வைத்திருந்ததாம்.

தீமிதி அன்று வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. எம்ஆர்டியில் போய், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் வெறும் பையோடு நின்றேன். உள்ளே கோவிந்தா, கோவிந்தா என்று கூட்டம் முழங்கியது. அத்தனை பேர் இருந்தும் எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருந்தது. மஞ்சள் வேட்டியோடு வந்த ஒருவர் என் எதிரில் நின்றார். துவாஸில் வேலை, கூட வர யாருமில்லை என்றார். “அண்ணே, இத கொஞ்சம் வச்சிருக்கீங்களா?” செருப்பையும் போனையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்தபோது என்னையறியாமல் கேட்டுவிட்டேன்: “சுட்டுச்சா?”

“இல்லண்ணே.” செருப்பில் காலை நுழைத்தவர் முகத்தைச் சுளித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “லேசா.”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றேன்.

ஜமால் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தப் பையும் அந்தக் கேள்வியும்தான். அடுத்த வருடம் நான் மிதித்து வெளியே வரும்போது, அதை என்னிடம் கேட்க வாசலில் ஆள் இருக்காது.