பத்தாயிரமாவது போர்ட்டு

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. நெட்வொர்க் வேலைக்கு அது நல்ல குணம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பயப்படுகிறவன் எல்லாவற்றையும் இழுத்துச் சாத்தி வைப்பான், சாத்தி வைத்தால் வம்பு வராது, அவ்வளவுதானே என்று.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு மாடியில் இருக்கும் பயிற்சி மையத்தில் எனக்கு வேலை. நர்சுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்து அங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் இடம். கம்ப்யூட்டர், பிரிண்டர், இன்வெர்ட்டர், எது மக்கர் பண்ணினாலும் நான்தான். நேர்காணல் வீடியோவில் நடக்கும். ஊரெல்லாம் வைத்திருக்கும் வீடியோ செயலிகளை அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவு உங்கள் இடத்திலேயே இருக்கவேண்டும் என்றார்கள். அதனால் அலுவலகத்திலேயே ஒரு சர்வரை வைத்து, அதில் வீடியோ கூட்டம் நடத்தும் மென்பொருளை ஏற்றினேன். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை, வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.

அந்தச் சர்வருக்கு இரண்டு வழி வேண்டும். மளிகைக் கடைக்கு ஆள் வர முன்வாசல், மூட்டை இறங்கப் பின்வாசல் என்று இருப்பதைப் போல. முன்வாசலில் ப்ராக்ஸி என்று ஒன்று உட்கார்ந்து, வருகிறவர்களை வாங்கி உள்ளே அனுப்பும். யார் யார் வந்திருக்கிறார்கள் என்ற பெயர்ப் பட்டியல், தட்டி அனுப்பும் செய்தி, எல்லாம் அதில் வந்துவிடும். முகமும் குரலும் வருவது பின்வாசலில். இப்படிப்பட்ட வாசலுக்குப் போர்ட்டு என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. இதன் நம்பர் பத்தாயிரம். பத்தாயிரமாவது போர்ட்டு.

நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பு, சும்மா இருக்காமல், நெட்டிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வாலின் பதிவைத் திறந்து பார்த்தேன். எந்தெந்த தேசத்திலிருந்தோ யார் யாரோ எங்கள் கதவைத் தட்டிப் பார்த்திருந்தார்கள். வரிசை வரிசையாக, கீழே இழுக்க இழுக்க முடியவே இல்லை. நெட்டில் இருக்கிற எந்த மெஷினுக்கும் அப்படித்தான் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் பயந்தே போனேன். முதலாளி வேறு முன்பே சொல்லியிருந்தார், "இத பாருப்பா, வைரஸ் கிய்ரஸ் பூந்து பசங்க சர்டிபிகேட்டெல்லாம் போச்சுன்னா உன் தலைலதான் விடியும்." முன்வாசலை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் அத்தனையும் அடைத்தேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடைத்துவிட்டுச் சோதித்துப் பார்க்காமல் இல்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு ஆளாக நுழைந்தேன். செல்போனில் சொந்த டேட்டாவைப் போட்டு இன்னொரு ஆளாக நுழைந்தேன். "அலோ, கேக்குதா?" "கேக்குது, கேக்குது." இரண்டும் நானே. படம் பளிச்சென்று இருந்தது. இரண்டு பேர் மட்டும் இருந்தால் அந்த மென்பொருள் சர்வர் வழியே போகாமல் ஒருவரோடு ஒருவரை நேராகக் கோத்துவிடும். மூன்றாவது ஆள் வந்தால்தான் பத்தாயிரமாவது போர்ட்டைத் தேடும். இது எனக்கு அப்போது தெரியாது. இன்னும் ஒரு ஆளைக் கூப்பிட்டு உட்காரவைக்கலாமா என்று தோன்றியது உண்மை. வேலை தெரியாதவன் போல இருக்கிறது, பத்துத் தடவை சரிபார்க்கிறான் என்று சிரிப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் நேர்காணல், அனந்தபுரத்து சிஸ்டருக்கு. நர்ஸ் என்பதால் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து அப்படியே பஸ் ஏறி வந்து, ஒரு வருஷத்துக்கு மேல் காலை வகுப்பில் கண் எரிய உட்கார்ந்தவர். அந்த வேலைக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கவேண்டும். அவருக்கு இரண்டு மாதம்தான் மிச்சம். "இதான்ணா எனக்குக் கடைசி. இத வுட்டா அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டுத்தான் கேமரா முன்னால் உட்கார்ந்தார்.

மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். முதலில் ஒரு ஜெர்மன் அம்மாள் வந்தார். படம் பிரமாதம். அவர் சிரிக்க, சிஸ்டரும் சிரித்து வணக்கம் சொன்னார். பிறகு அங்கிருந்து தலைமை டாக்டர் நுழைந்தார். திரை கறுத்துப்போனது. கறுப்புக் கட்டத்தில் இரண்டு பெயர்கள் மட்டும் நின்றன. சத்தம் இல்லை.

"இன்னாண்ணா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர், நெட்டு."

ஓடிப்போய் ரூட்டரை அணைத்துப் போட்டேன். அதைவிட முட்டாள்தனம் கிடையாது. இருந்த பெயர்களும் போயின. அவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து சிஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். விளக்கு ஒவ்வொன்றாகப் பச்சையாக வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பெயர்கள் வந்தன, முகம் வரவில்லை. முதல் ஆள் வந்தபோது தெரிந்தது, அடுத்த ஆள் வந்ததும் ஏன் போகிறது? சர்வரின் பதிவைப் பார்த்தேன். பத்தாயிரத்தில் யாரும் வந்து சேரவில்லை என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. அடைத்தவன் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஃபயர்வாலுக்குள் போகப் பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்தேன். போர்ட்டைத் திறக்கும்போது, அதில் டேட்டா வருகிற முறை டிசிபியா யூடிபியா என்று கேட்கும். பழக்கதோஷத்தில் டிசிபியைத் தட்டினேன். திரை கறுப்பாகவே இருந்தது. சிஸ்டர் குனிந்து என்னவோ டைப் பண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதறீங்க?"

"சாரி கேக்கறேன்ணா. அவங்கள காக்க வெக்கிறேன் இல்ல."

முகமும் குரலும் வருவது யூடிபியில் என்பது நினைவுக்கு வந்து மாற்றினேன். இரண்டு முகமும் வந்தன. இருபத்தைந்தில் ஒன்பது நிமிஷம்தான் மிச்சம் இருந்தது. அவர்களுக்கு அடுத்து வேறு ஊர் ஆட்கள் இருந்தார்கள், ஒரு நிமிஷம்கூடக் கூட்டித் தரவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் திக்குவது எந்த மொழியிலும் தெரியும். நோயாளிக்குத் திடீரென்று பிரஷர் இறங்கினால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். வாரத்துக்கு நான்கு தடவை கையால் செய்கிற வேலை அவருக்கு. முதலாளி வந்து கேட்டபோது, அங்கே லைனில் கோளாறு என்றேன்.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. நெருக்கடியில் பேச்சு தடைப்படுகிறது, எடுக்க இயலவில்லை. சிஸ்டர் சர்டிபிகேட்டுகளைத் திரும்ப வாங்க வந்தார். ஒவ்வொன்றாக ஃபைலில் அடுக்கிக்கொண்டே, "என் மேலதான்ணா தப்பு. டென்ஷன்ல வார்த்தையே வர்ல," என்றார்.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என்னால் முடியவில்லை. அடைத்ததைச் சொன்னேன், இரண்டு பேராக மட்டும் சோதித்ததைச் சொன்னேன், மூன்றாவதாக ஒரு ஆள் நுழைந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்பதையும் சொன்னேன். திட்டுவார், முதலாளியிடம் போவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் ஃபைலை மூடவில்லை.

"டெஸ்ட் பண்ணது எப்பண்ணா?"

"போன வாரம் திங்கக்கிழமை. காலைல."

"நான் பக்கத்து ரூம்லதான இருந்தேன். ஒரு குரல் குடுத்திருந்தா வந்து உக்காந்திருப்பேனே."