இருவரும் பிடிக்க வேண்டும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. அந்த முனையில் உயரத்துக்காக நெட்டச்சி என்று நாங்கள் கூப்பிடுகிறவள், இந்த முனையில் நான், பதினேழு வருஷம். மடிப்புக்கு மடிப்பு எதிரெதிரே நடந்து வந்து மூலையை அவள் கையில் கொடுத்தாக வேண்டும். அதனால் எங்கள் சண்டை எதுவும் ஒரு விரிப்பைத் தாண்டியதில்லை.

சண்டை பெரும்பாலும் வேதத்தைப் பற்றித்தான். அவள் கிறிஸ்தவள், நான் முஸ்லிம். "கல்லெறி, வெட்டு, குத்தெல்லாம் பழசுக்கா. எங்க ஆண்டவர் கல்லைக் கீழ போட வச்சுட்டாரு" என்பாள்.

"மேல இருந்து வந்த சட்டம் என்ன போன வருஷத்துக் காலண்டரா, கிழிச்சுப் போட? சட்டம் கடுமைதான். ஆனா துளி சந்தேகம் வந்தாலும் தண்டனையை விலக்கணும்னு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லுவாரு" என்பேன். நானா விடுகிறவள்!

அவள் மகன் அப்பன்மேல் கைநீட்டிவிட்டு வீட்டைவிட்டுப் போனவன். ஆறு வருஷம். விரிப்பை உதறும்போதெல்லாம், "என்னை மாதிரியே நெட்டை, இது அவன் காலுக்கு எட்டாதுக்கா" என்பாள்.

திடீரென்று ஒருநாள் ஃபோனில், "வரட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டான். அவள் புருஷன் தச்சர். வேதத்தைத் திறந்து, அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்லும் இடத்தில் விரலை வைத்தாராம். "நான் கல்லெறியல. வாசப்படி ஏற வேண்டாம்னு மட்டும் சொல்லு."

"அது செத்துப்போன சட்டம்னா கேக்க மாட்டேங்கிறாருக்கா" என்று மறுநாள் விரிப்பிலேயே மூக்கைத் துடைத்தாள்.

"அடியே, துவைச்சதுடி அது! செத்துப்போச்சுன்னு சொல்லாத. முழுசாப் படி. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, கேக்கத் தெரியும்."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்தாள். தகப்பனும் தாயும் அவனைப் பிடித்து, ஊர்வாசலில் மூப்பர்களிடம் கொண்டுபோக வேண்டுமாம்.

"நில்லு. யாரு பிடிக்கணும்?"

"அப்பனும் அம்மாவும்."

"அப்பன் மட்டும் பிடிச்சா?"

திரும்பப் பார்த்தாள். "ரெண்டு பேரும்னுதான்க்கா இருக்கு."

"அப்போ உன் கை இல்லாம அந்தச் சட்டம் நகராது. கையைக் கொடுக்காத, போ."

வீட்டில் அப்படியே சொல்லியிருக்கிறாள். தச்சர் கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் படித்தாராம். "வரட்டும். நான் பேச மாட்டேன்" என்றாராம்.

மகன்தான் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் என்கிறான். மூன்று மாதமாக அதையே சொல்கிறான். நேற்று மூலையைக் கொடுக்கப் போன என் விரல்களை அவள் விடவில்லை. நானும் இழுக்கவில்லை.

"அந்த வசனத்துல மத்தது எதுவும் எனக்கு வேண்டாம்க்கா. அவனைப் பிடிக்கணும். அது ஒண்ணு போதும்."