அம்மா பக்கத்தில் அப்பாவுக்கு ஓர் இடம்

என் அப்பா பிழைக்க வேண்டும் என்று உபவாசம் இருந்து கேட்டேன். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன். விசுவாசக் குடும்பத்தாருக்கு முன்னால் பாதியை மறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

அப்பா பெயர் மோசஸ். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் வேலை. தோலில் முடி போவதற்காக ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று அவர் விரல்கள் எப்போதும் வெந்துபோயிருக்கும். அந்தக் கைகளைக் கூப்பிக்கொண்டுதான் தினமும் ஷிப்டுக்கு முன்னால் முழங்காலில் நிற்பார். எங்கள் பெயர்களைச் சொல்லுவார். அப்புறம் தெருவில் யாருக்கெல்லாம் உடம்பு சரியில்லையோ அவர்கள் பெயர். நேரமாகிறது என்று அம்மா கத்தினாலும் ஒரு பெயரையும் விடமாட்டார்.

சபையில் அவர் செய்த ஊழியம், குழி வெட்டுவது. எங்கள் காலனியில் சாவு விழுந்தால் முதலில் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். கல்லறைத் தோட்டத்துச் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கும். மழையோ வெயிலோ, கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். அம்மா இறந்தபோதும் அவரே வெட்டினார். பக்கத்தில் தனக்கும் இடம் விட்டு வைத்தார்.

அந்தச் சாவியால்தான் வினை வந்தது. என்னோடு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்த எஸ்தர், குமார் என்கிற இந்துப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் சபைக் கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை என்று சபைக் கமிட்டி அவளைச் சபையிலிருந்து நீக்கியது. கொரோனாவுக்கு முந்தின வருஷம் அவள் பிரசவத்தில் போய்விட்டாள். கிறிஸ்தவப் பெண்ணைத் தங்கள் சுடுகாட்டில் வைக்க முடியாது என்றார்கள் குமாரின் ஆட்கள். நீக்கப்பட்டவளுக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றது எங்கள் கமிட்டி. அவள் பகல் முழுக்க வண்டியிலேயே கிடந்தாள்.

அப்பா யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. போய் கேட்டைத் திறந்து குழி வெட்டினார். போதகர் வரவில்லை. அப்பாவே ஜெபம் செய்து அடக்கம் பண்ணினார்.

அடுத்த ஞாயிறு கமிட்டி சாவியைப் பிடுங்கிக்கொண்டது. அதை வாங்கி வைத்துக்கொண்ட சபைச் செக்ரட்டரி ரிட்டயர்டு வாத்தியார். எல்லார் முன்னாலும், "இனிமே உனக்கும் அங்க இடம் கிடையாது மோசஸு" என்றார்.

"சரிங்க சார். எம் பொண்டாட்டி அங்கதான் இருக்கா, அவகிட்ட சொல்லிடறேன்" என்றார் அப்பா. சிலர் சிரித்தார்கள். செக்ரட்டரி சிரிக்கவில்லை. அந்தப் பேச்சை அவர் மறக்கவும் இல்லை.

அதற்குப் பிறகும் அப்பா ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனார். செருப்பு விடுகிற வாசல் ஓரம் உட்கார்ந்துவிட்டு வருவார். வாங்க என்று யாரும் முன்னால் கூப்பிடவில்லை. இத்தனை பேருக்குக் குழி வெட்டினாரே, இவருக்காக ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நானும் பேசத் தெரியாதவள்.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் நுரையீரல் கெட்டுப்போயிற்று என்றார்கள். நான் கட்டில் பக்கத்தில் அழுது ஜெபித்தேன். அப்பா மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்: "கர்த்தரைப் போட்டு ஏம்மா பேஜார் பண்ற. நான் எழுந்து இன்னா பண்ணப் போறேன். உங்கம்மா பக்கத்துல இடம் கேளு. அது போதும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அதைத்தான் கேட்டேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஒரு காலையில் அப்பா போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். செக்ரட்டரிக்குப் போன் செய்தேன். "கமிட்டி முடிவு முடிவுதான்மா. நகராட்சி மயானம் இருக்குதே" என்று வைத்துவிட்டார்.

அடுப்படியில் முழங்காலில் விழுந்தேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. ஆண்டவரே, எனக்குப் பேச்சைக் கொடும் என்று மட்டும் கேட்டேன். எழுந்து அப்படியே செக்ரட்டரி வீட்டுக்கு நடந்தேன். அவர் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அதான் சொல்லிட்டேனே. இல்லைன்னா ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடட்டும், பேசலாம்."

"அதுவரைக்கும் எங்கப்பாவை எங்க சார் வைக்கிறது? உங்க வராந்தாவுலயா?"

என் வாயில் இருந்துதான் வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை. "உங்கம்மா செத்தப்போ மழை சார். குழில தண்ணி ஊறிட்டே இருந்துச்சு. எங்கப்பா எறைச்சி எறைச்சி வெட்டினாரு. நீங்க கொடை புடிச்சிக்கினு நின்னீங்க. நான் பாத்தேன்."

அவர் பேப்பரை மடித்தார். உள்ளே இருந்து அவர் மனைவி வந்தார். அந்த அம்மா ஆம்பிளைகள் பேசுகிற இடத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் தோட்டத்துச் சாவி. என் கையில் வைத்து அழுத்தினார்.

"போம்மா. நேரமாவுது. இவரு கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

வீட்டுக்குத் திரும்பினால் குமார் தன் ஆட்டோவை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். கடப்பாரை கொண்டு வந்திருந்தான். "அன்னிக்கு எஸ்தருக்கு நான் ஒரு கை மண்ணு கூட தள்ளல அக்கா. கையும் காலும் ஓடாம நின்னுட்டேன். அப்பாவுக்கு நான் வெட்டறேன்" என்றான். டேனரி ஆட்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். சபையிலிருந்து மண் வெட்ட ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் அப்பாவை அம்மா பக்கத்தில் வைத்தோம்.

அடக்கத்துக்கு எல்லாரும் வந்தார்கள். போதகர், "மோசஸ் இந்தச் சபையின் தூண்" என்று பிரசங்கித்தார். செக்ரட்டரி மாலையோடு முன்னால் நின்றார். தூணை வாசலில் செருப்புப் பக்கத்தில் வைத்திருந்தவர்கள் இவர்கள்தான். நான் அழவில்லை.

இப்போது எங்கள் பக்கம் யாருக்காவது அடக்கத்துக்கு இடமில்லை என்றால் நான் போகிறேன். கமிட்டியிடம் பேசுகிறேன். போகும்போதெல்லாம் பயம் இருக்கிறது. ஆனால் போகிறேன். தேவன் அந்த ஒரு காலையில் கொடுத்த பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு நன்றி சொல்கிறேன்.

செக்ரட்டரியை மன்னிக்க வேண்டும் என்று தெரியும். இன்னும் முடியவில்லை. கோயிலில் அவர் முகத்தைப் பார்த்தால் திரும்பிக்கொள்கிறேன். அதற்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய கசப்போடு இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கசப்பு தீரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அதோடேயே போய் முழங்காலில் விழுங்கள். நான் அப்படித்தான் போகிறேன். இதுவரை அவர் என்னை வெளியே போ என்று சொன்னதில்லை.