இருவரும் ஒத்துக்கொண்ட எடை

அக்காவுக்கு வேலையே மனிதர்களை எடை பார்ப்பதுதான். மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பதினோரு வருடமாக டெக்னீஷியன். நோயாளி வந்ததும் எடை பார்ப்பாள்; இயந்திரம் நான்கு மணி நேரம் நீரை எடுத்த பிறகு மறுபடி பார்ப்பாள். கணக்குக்கு மேல் எடுத்துவிட்டால் ஆள் கண் செருகிச் சாய்வதை எத்தனையோ முறை தாங்கிப் பிடித்திருக்கிறாள்.

அவள் தம்பி தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரன். அவனுடைய எடைப் பிரிவின் வரம்பு எழுபத்திரண்டரை கிலோ. அதற்கு இறங்குவதற்குள்ளேயே அவன் முகம் ஒட்டிப்போகும். இந்த நேரத்தில், இரண்டு பிரிவு கீழேயிருந்து ஒரு சாம்பியன் அவனோடு மோத முன்வந்தார். பெரிய மனசு. கூடவே நிபந்தனை: சண்டைக்கு முந்தின நாள் எடை பார்க்கும்போது எழுபது கிலோவைத் தாண்டக்கூடாது. சண்டை நாள் காலை இன்னொரு முறை நிறுப்பார்கள். அப்போது எழுபத்துநான்கைத் தாண்டக்கூடாது. அதாவது, காய்ந்து வர வேண்டும். வந்த பிறகு நனையவும் கூடாது.

தம்பியின் மேனேஜர் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் கிடந்த துவைத்த துணிகளை ஒதுக்கிவிட்டு ஒப்பந்தத்தை விரித்தார்.

"ரெண்டு தரப்பும் பேசி ஒத்துக்கிட்ட எடைம்மா. நியாயமானது."

"அந்தச் சாம்பியன் சும்மா இருக்கும்போது எவ்வளவு எடை, சார்?"

"எழுபத்தொண்ணு இருக்கும்."

"அப்போ அவர் எதை விட்டுக்கொடுத்தார்?"

மேனேஜர் பேனாவைத் திறந்து தம்பியிடம் நீட்டினார்.

"இதை விட்டா வேற வாய்ப்பு வராதுக்கா," என்று தம்பி கையெழுத்துப் போட்டான்.

அடுத்த பத்து நாள், உடம்பு நீர் வியர்வையாக இறங்க, அவன் பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். குளியலறைக் கதவை அடைத்து, வெந்நீர் ஆவியில் உட்கார்ந்தான். கடைசி நாள் ஒரு பாட்டிலில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தான்.

"டாக்டரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நாங்க பயந்து பயந்து பண்றதை, நீ கதவைச் சாத்திக்கிட்டுப் பண்றே," என்றாள் அக்கா. அவன் பாட்டிலைத் தூக்கி இன்னொரு முறை துப்பப் பார்த்தான்; வாயில் ஈரம் இல்லை.

ஓட்டல் மண்டபத்தில் எடை பார்த்தார்கள். துண்டின் மறைவில் உள்ளாடையையும் கழற்றிவிட்டு நின்றபோது தம்பி சரியாக எழுபது. சாம்பியன் பழச்சாறு உறிஞ்சியபடி வந்து, காலுறையோடு ஏறி, அறுபத்தொன்பது காட்டினார். மைக்கில் ஒருவர், "இருவரும் சரிசமம்" என்று அறிவித்தார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

மூன்று சுற்று வரை தம்பிதான் மேல். ஐந்தாவதில் கால் இழுத்தது. எட்டாவதில் பயிற்சியாளர் துண்டை வீசிச் சண்டையை நிறுத்தினார். வர்ணனையாளர் சாம்பியனின் வேகத்தைப் புகழ்ந்து மூச்சு வாங்கினார். தம்பிக்குச் சிறுநீர் கறுத்து இறங்கியது. அக்கா தன் மருத்துவமனையிலேயே அவனைச் சேர்த்தாள். சிறுநீரகம் தப்பியது.

மூன்றாம் நாள் மேனேஜர் பழக்கூடையோடு வந்தார்.

"மறுபடி மோதலாம்ங்கறாங்க. இந்தத் தடவை அரை கிலோ விட்டுத் தர்றாங்க."

"அரை கிலோவா? கர்ணன்தான் போங்க. அவரையே எங்க எழுபத்திரண்டரைக்கு வரச் சொல்லுங்க. வயிறாரச் சாப்பிட்டுட்டு வந்தாப் போதும்," என்றாள் அக்கா.

"அதுக்கெல்லாம் அவங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"பாத்தீங்களா? ஒத்துக்க மாட்டேன்னு சொல்ற வசதி அவங்களுக்கு இருக்கு."

டிரிப்ஸ் ஏறிய கையைப் பார்த்துக்கொண்டே தம்பி, "வேண்டாம், சார்," என்றான்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு பள்ளி விளையாட்டு அரங்கில், தன் எடையிலேயே மோதி ஜெயித்தான். நூறு பேர் பார்த்தார்கள். எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. அதே வாரம் சாம்பியன் இன்னொரு பெரிய உடம்புக்காரனை எழுபது கிலோவுக்கு வற்ற வைத்து வென்றார். 'எடைக்கு அஞ்சாத வீரர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அக்கா அதைத் தேநீர் இடைவேளையில் முழுவதும் படித்தாள். பிறகு தாளை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.