நாள் குறித்தவர் முன்னே என் வாயைத் திறந்த கர்த்தர்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தின் இரண்டாம் வருஷம் மம்பாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வந்து ஒளிந்தேன். முந்தைய தோட்டத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். லாரி வந்த அன்று ரப்பர் காட்டுக்குள் ஓடிவிட்டேன். ஓடுவது எனக்குப் பழக்கம். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எந்தத் தோட்டத்திலும் ஒரு வருஷம் தங்கியதில்லை.

இங்கே சபையைச் சேர்ந்த அன்னம்மாள் அக்கா தன் வீட்டில் படுக்க இடம் கொடுத்தார். அவர் கணவர் யாக்கோபு அண்ணனைச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள். ரப்பர் பால் வெட்டும் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. வீட்டுக்கு ஒரு துண்டு நிலமும் ஒரு கட்டு மரவள்ளிக் குச்சியும் கொடுத்திருந்தார்கள். அந்த மழையில் நடாவிட்டால் அடுத்த வருஷம் பட்டினிதான்.

அப்போதுதான் அருள்தாஸ் என்ற பிரசங்கியார் வந்து சேர்ந்தார். எங்கள் சபைக்குப் போதகர் இல்லாத நேரம். கிறிஸ்துமஸுக்குள் கர்த்தர் வருகிறார், தரிசனத்தில் நாளைக் கண்டேன் என்றார். மரவள்ளி நடுகிறவன் அவிசுவாசி, குச்சிகளைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து எரியுங்கள் என்றார். சயாமுக்குப் போனவர்களையும் கர்த்தர் கையோடு கூட்டி வருவார் என்றார். அந்த ஒரு வார்த்தையில் அக்கா விழுந்துவிட்டார்.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முத்தையா இந்து. எங்களைப் பார்த்துச் சிரித்தார். "உங்க சாமி வந்தா அவருக்கும் பசிக்கும்லா. கிழங்கு போட்டு வைங்க."

அருள்தாஸ் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எங்கிருந்து ஓடி வந்தவன் என்று அவருக்கும் தெரியும். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியோடு அவருக்குப் பழக்கம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் லாரியில் இருப்பேன். ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப் போடும் என்று அழுது ஜெபித்தேன். பயம் போகவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெளியே நெருப்பு மூட்டினார்கள். அக்கா குச்சிக்கட்டோடு நின்றார். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"ஐயா, அந்த நாள் பிதாவுக்குத்தான் தெரியும், தனக்கே தெரியாதுன்னு கர்த்தர் சொன்னாரு. உங்களுக்கு மட்டும் யாரு சொன்னது?"

அருள்தாஸ் கோபப்படவில்லை. "சயாமுக்குப் பயந்து ஓடி வந்தவனெல்லாம் உபதேசம் பண்றான். உன்னைக் கிராணிக்குத் தெரியுமா, தம்பி?"

கர்த்தாவே என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன். சிறுவயதில் கேட்ட உவமை ஒன்று நினைவில் வந்தது. அக்காவைப் பார்த்துச் சொன்னேன்.

"எஜமான் திரும்பி வர்றப்போ வேலையில இருந்த ஊழியக்காரனைத்தான் மெச்சினாரு, அக்கா. நட்டுட்டுக் காத்திருக்கலாம். அது அவிசுவாசம் இல்ல."

அக்கா நெருப்பையே பார்த்தார். "நட்டா, அவரு இப்போதைக்கு வரமாட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிலா இருக்கு" என்றார். அப்புறம் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நிலத்துக்கு நடந்தார். சில குடும்பங்கள் பின்னால் போயின. மற்றவர்கள் எரித்தார்கள்.

அன்றிலிருந்து எந்த இன்ஜின் சத்தம் கேட்டாலும் வேலையை விட்டுப் பாதையைப் பார்ப்பேன். ஒரு காலை லாரி வந்தே விட்டது. கிராணி நேராக என்னைக் காட்டினார். மண்டோர் குறுக்கே வந்து, லாரியில் வந்த ஜப்பான்காரனிடம், இவன் கிழங்கு நடுகிற ஆள், இவனைக் கொண்டுபோனால் உங்கள் சிப்பாய்களுக்கு யார் கிழங்கு போடுவது என்று கேட்டார். என்னை விட்டார்கள். வேறு இருவரை ஏற்றிப்போனார்கள். அவர்களுக்காக இன்றும் ஜெபிக்கிறேன்.

கிறிஸ்துமஸ் கடந்தது. அருள்தாஸ் அதற்கு முன்பே தெமியாங் பக்கம் போய் வேறு நாள் சொன்னாராம். அக்காவின் பிள்ளைகள் பிழைத்தார்கள். குச்சியை எரித்தவர்களுக்கும் அக்கா கிழங்கு கொடுத்தார். யாக்கோபு அண்ணன் திரும்பவில்லை. இதை மறைத்தால் என் சாட்சி பொய்யாகும்.

அதன்பின் நான் எங்கும் ஓடவில்லை. எழுத்துக்கூட்டியாவது தினமும் வேதம் வாசிக்கிறேன். பிரியமானவர்களே, உங்களிடமும் ஒருவர் நாள் குறித்துக்கொண்டு வரலாம். படிப்பில்லையே, பயமாயிருக்கிறதே என்று பின்வாங்காதீர்கள். கர்த்தரைக் கூப்பிட்டுவிட்டு, நடுங்கிக்கொண்டே எழுந்து நில்லுங்கள். பேச வேண்டியதை அவர் தருவார்.