‘ஆபரேட்டர் தாமதம்’ என்று பெயர் வைத்தவள் நான்: ஓசூர், ராயக்கோட்டை, இரண்டு நாள்

தொழிற்சாலைகளில் செயற்கை நுண்ணறிவு பொருத்தும் வேலைக்காக ஓசூர் போகிறவர்கள் சிலர், எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். சொல்கிறேன். அதற்கு முன், தொண்ணூறுகளின் நடுவில் நான் போய்வந்த கதையைக் கேளுங்கள். இத்தனை வருஷம் ஆகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அப்போது நான் பெங்களூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். ஓசூரில் வாகன உதிரிப்பாகம் செய்யும் ஓர் ஆலைக்கு நான் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் ஒரு கம்பி வரும். அது ஓடுகிறதா, நிற்கிறதா என்று கணினி குறித்துக்கொள்ளும். ஷிப்ட் முடிவில் அறிக்கை அச்சாகும். மேஸ்திரி எழுதித் தரும் பழுதுச் சீட்டு இல்லாமல் இயந்திரம் நின்றால் அந்த நேரத்தை எந்தத் தலைப்பில் போடுவது என்று கேட்டேன். “ஆபரேட்டர் தாமதம்னு போடுங்க” என்றார் ஆலை மேலாளர். யோசிக்காமல் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து, அந்த அறிக்கையை வைத்து ஒரு தொழிலாளியைத் தற்காலிக நீக்கம் செய்திருப்பதாகவும், இரண்டு நாளில் விசாரணை என்றும், அறிக்கை சரிதான் என்று நான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் அழைப்பு வந்தது.

ஒரு நாள் முன்னதாகவே கிளம்பினேன். கலாசிப்பாளையத்தில் காலை 6.40 பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஏழு ரூபாய். ஆலைக்குப் போய், அந்தத் தொழிலாளி ஓட்டிய ஏழாம் நம்பர் கடைசல் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். ஆளே இல்லாமல் நின்றது. பக்கத்து இயந்திரக்காரரிடம், ஏழில் இருந்தவர் ஏன் மணிக்கொரு தரம் நிறுத்தினார் என்று கேட்டேன். மேஸ்திரி இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரையே போய்க் கேளுங்கள் என்று ஊர்ப்பெயரைச் சொன்னார்.

மதியம் 1.15க்கு ராயக்கோட்டை பஸ். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் தக்காளிக் கூடைகளை ஏற்றி இறக்கியதில் ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. வழி கேட்டவர் தெலுங்கில் பதில் சொன்னார். கையைக் காட்டியதால் புரிந்தது.

நீக்கப்பட்ட அந்தத் தொழிலாளி திம்மராயனுக்கு நாற்பது வயதிருக்கும். நான் யாரென்று சொன்னதும் அவர் மனைவி உள்ளே போய்விட்டார். அவர் மட்டும் நாற்காலி எடுத்துப் போட்டார். கூலன்ட் தண்ணீர் ஊற்றும் பம்ப் கெட்டுப்போய், இயந்திரம் சூடாகிறது என்று விளக்கினார். சூட்டில் போட்ட துளை ஆறியதும் சுருங்கிவிடும். அதனால் மணிக்கு எட்டு நிமிஷம் ஆறவிட்டிருக்கிறார். மேஸ்திரியிடம் மூன்று முறை வாய்மொழியாகச் சொல்லியும் பழுதுச் சீட்டு தரவில்லையாம்.

“மிசினு நிக்குதுன்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுது மேடம். ஏன் நிக்குதுன்னு எங்கிட்ட யாரு வந்து கேட்டீங்க?”

அன்று ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நூற்றிருபது ரூபாய் அறையில் தங்கினேன்.

விசாரணை காலை 10.30க்கு. காகிதத்தை என் முன்னால் நகர்த்தினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. இயந்திரம் நின்றது மட்டும்தான் கணினிக்குத் தெரியும், ‘ஆபரேட்டர் தாமதம்’ என்பது நான் தட்டச்சு செய்த சொல் என்றேன். திம்மராயனை விட்டே இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள் என்றும் கேட்டேன். மேலாளர் முகம் கறுத்தது. “யாருக்கு வேலை செய்றீங்கன்னு ஞாபகம் இருக்கட்டும்” என்றார். ஆனால் விசாரணை அதிகாரி ஒப்புக்கொண்டார்.

கடைசியாக வந்த பத்துத் துண்டுகளை ஆறவைத்து அளந்தார்கள். பத்தில் ஏழு துண்டுகளின் துளையில் அளவுகோல் நுழையவே இல்லை. திம்மராயன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

வேலை திரும்பக் கிடைத்தது; புது பம்பும் வந்தது. ஆனால் வீட்டில் உட்கார வைத்த ஒன்பது நாளை அவருடைய சொந்த விடுப்பில் கழித்தார்கள். ஒருவர்கூட வருத்தம் தெரிவிக்கவில்லை. தலைப்பைக் ‘காரணம் தெரியவில்லை’ என்று மாற்றலாமா என்றேன். “அப்படிப் போட்டா ஹெட் ஆபீஸ்ல என்னைத்தானே கேப்பாங்க” என்றார் மேலாளர். அவர் பேச்சைக் கேட்காமல் மாற்றிவிட்டு வந்தேன். மறுவாரம் அந்த வேலை என்னிடமிருந்து போயிற்று. எனக்குப் பதில் வந்தவர் பழைய தலைப்பையே திரும்பப் போட்டார்.

இனி நீங்கள் கேட்டது. பெங்களூரிலிருந்து காலையிலேயே கிளம்புங்கள், நெரிசல் குறைவு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கலாம். கன்னடமும் தெலுங்கும் நாலு வார்த்தையாவது தெரிந்திருந்தால் நல்லது. ஆலைக்குப் போனதும் கணினி அறைக்குள் நுழையாதீர்கள். ஒரு முழு ஷிப்ட் இயந்திரத்தின் பக்கத்தில் நில்லுங்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவும் யாரோ பெயர் வைத்த தலைப்புகளைப் படித்துத்தான் கற்றுக்கொள்கிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுத நிர்வாகம் சம்மதிக்காவிட்டால், அந்த வேலையை எடுக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுங்கள்.